ஆற்றுமுகத்து வெளிச்ச மரம்

உப்புச் சேற்றின் வாடை காற்றில் வந்தால் இன்றும் என் கை தானாக நெற்றித் திருநீற்றைத் தேடுகிறது. பல ஆண்டுகளாக இதை எழுத உட்காருவதும், சாமி விளக்கேற்ற நேரமாயிற்று என்று சாக்குச் சொல்லி எழுந்துவிடுவதுமாகவே காலத்தைத் தள்ளிவிட்டேன்.

காப்பார் தோட்டத்தில் எங்கள் கூலி லயத்துக்குப் பின்னால் ரப்பர்க் காடு, அதைத் தாண்டினால் நிப்பா ஓலை அடர்ந்த சதுப்பு, அப்புறம் வேர்களைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சேற்று மரங்கள், பிறகு கடல் என்று நடக்க நடக்க உலகமே மாறிக்கொண்டு போகும். ஆற்றுமுகத்தில் ஒரு மரம் மட்டும் பொழுது சாய்ந்ததும் மொத்தமாக மினுங்கி மினுங்கி அணையும். எங்கள் சனம் அதைக் "கொள்ளிவாய்ப் பிசாசு" என்றது. சிறுமியான நான் அதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே காய்ச்சலில் விழுந்தேன். அம்மா முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள்.

அப்பா அந்த மரத்தை வெட்டக் கோடரியோடு புறப்பட்டபோது, மலாய்க்காரர் கிராமமான பக்கத்துக் கம்பத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் மலாய்க்காரப் பெரியவர் பாக் லோங் ஓடிவந்து மறித்தார்.

"தம்பி, ஹந்து இல்லை, பிசாசு இல்லை லா! கெலிப் கெலிப், மினுங்குற சின்னப் பூச்சி. இருட்டுலே அதைப் பார்த்துதான் நான் படகு திருப்புறது."

"பூச்சி இவருக்கு லாந்தர் புடிக்குதாம்!" என்றார் பெரியப்பா. லயமே சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. "எம்புள்ள கெடக்குற கெடைய வந்து பாருங்க, பாக் லோங்." பெரியவர் எட்டிப் பார்த்தார், பிறகு வழியை விட்டார். சேவல் அறுத்து, சூடம் கொளுத்தி, மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். எனக்குக் காய்ச்சலும் விட்டது.

அடுத்த அமாவாசையில் கடலுக்குப் போன பாக் லோங் திரும்பவில்லை. ஆற்றுமுகத்தைத் தாண்டி வெகுதூரத்தில் அவர் படகு மட்டும் சேற்றில் கிடந்தது. துக்கம் கேட்கப் போன அப்பாவிடம் அவர் மனைவி, "புள்ளைக்கு இப்ப சொகமா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அப்பா மீனைத் தொடவில்லை.

இப்போது பட்டணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் குடும்பம் நடத்துகிறேன்; வாசலில் தெருவிளக்கு எரிகிறது. அந்த ஆற்றங்கரையில் மிச்சமிருந்த மரங்களும் போய், வரப்புக் கட்டித் தென்னை வைத்துவிட்டார்கள். லயத்திலோ, முனி பிசாசை விரட்டிய கதையைச் சொல்லி இன்றும் படையல் போடுகிறார்கள். நானும் அவரைக் கும்பிடுகிறவள்தான். என் உயிரைக் காத்த சாமியைப் பழிக்க மாட்டேன். ஆனால் இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, புண்ணியமாகப் போகட்டும், அந்த மரத்தில் பிசாசை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அதில் இருந்தது பூச்சி. அதை நம்பி ஒருவர் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.