ஸ்வென் காய்ச்சலில் சாகவில்லை

ஒரு சிறுவன் எப்படிச் செத்தான் என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்டு வந்த அவனுடைய தங்கையிடம் தெரியாது என்று பொய் சொன்னேன்.

என்னை நல்லவள் என்று நீங்கள் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

பிராண்டே என்ற ஊருக்கு வெளியே ஒரு சிறு தேவாலயப் பங்கில் வசிக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. பங்கின் வரலாற்றைப் புத்தகமாக்கக் கிர்ஸ்டன் ஒரு குழு அமைத்தபோது என்னையும் சேர்த்துக்கொண்டார். முதியவர்களின் நினைவுகளைக் கைபேசியில் பதிவது என் பொறுப்பு.

கிர்ஸ்டன், நாங்கள் அகதிகளாக வந்திறங்கிய காலத்தில் எனக்கு டேனிஷ் மொழி சொல்லித்தந்தவர். நான் பிரசவ வலியில் துடித்தபோது தன் காரில் ஏற்றிக்கொண்டு ஓடியவர்.

எங்கள் இல்லத்தில் ஒலுஃப் என்றொரு கிழவர் இருந்தார். இளமையில் கிர்ஸ்டனின் தந்தையுடைய பண்ணையில் கூலியாள். அங்கே ஸ்வென் என்று ஒரு வளர்ப்புப் பிள்ளை இருந்தானாம். கன்றுக்குட்டியைத் தவறவிட்டதற்காக அவனை அடித்து, பனிக்குள் தள்ளிக் கதவைப் பூட்டியிருக்கிறார் கிர்ஸ்டனின் தந்தை. விடிந்தபோது பிள்ளை விறைத்துக் கிடந்தான்.

“காய்ச்சல் எண்டு ஊருக்குச் சொன்னாங்கள். விறைச்ச உடம்பைத் தூக்கினது நான். இதை எழுது பிள்ளை. எனக்குப் பிறகு ஆர் சொல்லுறது?”

அவர் பேசியது டேனிஷ். எனக்குள் அது எங்கள் ஊர்த் தமிழாகவே கேட்கிறது.

“எழுதுறன்” என்றேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. “அவவின்ரை தேப்பன்ரை கதையை நீரே எழுதப் போறீர்? அந்த மனிசி இல்லாட்டி நாங்கள் இஞ்சை எப்பிடி இருந்திருப்பம்?”

பதிவை அழித்தேன்... அவர் சொன்னதாலா? இல்லை. கிர்ஸ்டனின் முகம் மாறுவதைக் காணப் பயந்தேன். அந்தப் பயத்துக்கு நன்றி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

புத்தகம் எப்போது வரும் என்று கேட்டுக்கேட்டே ஒலுஃப் இறந்தார்.

வெளியீட்டன்று, ஒடென்சேயிலிருந்து வந்த எல்சே என்ற மூதாட்டி என்னைத் தேடிவந்து அருகில் அமர்ந்தார். ஸ்வென்னின் தங்கை. சிறுவயதிலேயே வேறொரு வீட்டில் வளர்க்கக் கொடுக்கப்பட்டவர்.

“கிழடுகளோடை கதைச்சது நீர்தானாமே. என்ரை அண்ணாவைப் பற்றி ஆரும் ஏதும் சொன்னவையே?”

பக்கத்து மேசையில் கிர்ஸ்டன் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது.”

“அப்ப காய்ச்சல்தான். கன நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டான், என்ன?”

“மாட்டான்” என்றேன். அதையும் சொன்னேன்.

என் தம்பி ஊரில், போரின் இறுதியில் காணாமற்போனவன். அவனைக் கடைசியாகக் கண்டவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். ‘தெரியாது’ என்று முகம் திருப்பியவர்களை எப்படியெல்லாம் சபித்தேன்! அதே சொல் என் வாயில் எவ்வாறு அத்தனை எளிதாக வந்தது?

தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்து இதைச் சொன்னபோது சுவாமியார் கேட்டார்: “அந்த அம்மாவிட்டைச் சொல்லீட்டீங்களோ?”

ஒடென்சேக்குப் போனேன். எல்சே கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

“அண்டைக்கு நீர் சொன்னாப் பிறகுதான் எனக்கு ஒழுங்கா நித்திரை வருது.”

அவர் தந்த கேக்கைச் சாப்பிட்டேன். காலநிலையைப் பற்றிப் பேசினேன். திரும்பி வந்துவிட்டேன்.

அது இரக்கமா, மறுபடியும் கோழைத்தனமா... எனக்கே தெரியவில்லை. அவருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அவரும் போய்விட்டால் நான் உண்மையைச் சொல்லவேண்டிய ஆளே இருக்காது என்ற நினைப்பில் ஒருகணம் எனக்கு ஆறுதல் வருகிறது. அந்த ஆறுதலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.