மிதந்து போன டிரம்

நேற்று காலை எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்தில், ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் மிதந்துகொண்டிருந்தது. ‘எங்கள்’ என்று சொல்வது ஒரு பெருமைக்குத்தான். பெருங்களத்தூரில் இருக்கும் அந்தக் கட்டடத்தில் நான் மோட்டார் போடுகிறவன், தண்ணீர் தேங்கினால் இறைக்கிறவன். ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. டிரம் ஒரு வெள்ளைக் காரின் மீது மெதுவாக மோதுவதும் விலகுவதுமாக இருந்தது. மாடியிலிருந்து ஒருவர், “அந்த டிரம்மைப் பிடிங்க, ஸ்கிராட்ச் ஆகப்போகுது” என்று கத்தினார். நான் பிடிக்கவில்லை. முட்டியளவு தண்ணீரில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பதிமூன்று வருஷத்துக் கோபம் ஒன்று ஏறி வந்தது.

ஒரு டிரம்மைப் பார்த்துக் கோபப்படுகிறவனை நீங்கள் லூஸு என்பீர்கள். சொல்லுங்கள். எங்கள் ஓட்டக் குழுவுக்கே அப்போது பீர்க்கன்கரணையில் ‘லூஸு கிளப்’ என்றுதான் பெயர். வேறு பெயர் நாங்களும் வைக்கவில்லை. விடிவதற்கு முன் ஏரிக்கரையில் கூடுவோம். ஒரு ஆட்டோக்காரர், கேஸ் வைத்து இரும்பு வெட்டுகிறவர்கள் இரண்டு பேர், திருமுடிவாக்கத்துக் கம்பெனிகளில் பேக்கிங் வேலை பார்க்கும் பெண்கள் நாலைந்து பேர், பிறகு நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடியவன், அதற்கப்புறம் ஒவ்வொரு வேலையைவிட்டும் ஓடியவன். ஓட்டத்தில் எனக்கு முன்அனுபவம் அதிகம்.

குழுவைத் தொடங்கியவர் நசீர் பாய். பஞ்சர் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்றால், முன்னதாகவே மொபெட்டில் ஒரு நீல டிரம்மைக் கட்டிக்கொண்டு போய், திரும்ப வேண்டிய இடத்தில் வைத்து, பக்கத்து வாய்க்காலில் மொண்டு நிரப்பிவிடுவார். காற்றுக்கும் மாட்டுக்கும் அசையாது. டிரம்மின் விளிம்பில் ஒரு கம்பி. கம்பியில் பழைய சைக்கிள் டியூபை அவர் கத்தியால் நறுக்கிய கறுப்பு வளையங்கள். டிரம்மைத் தொட்டு, ஒரு வளையத்தைக் கையில் மாட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். வளையம் இல்லாமல் வந்தால் ஓட்டம் செல்லாது. ஒரு முறை நான் என் சொந்த டியூபை வெட்டி மாட்டிக்கொண்டு பாதியில் திரும்பிவிட்டேன். பாய் வளையத்தை மூக்கில் வைத்து முகர்ந்தார். “இது என் கட டியூப் இல்ல மச்சான். போய் மறுபடி ஓடு” என்றார். ஓடினேன். மழையில் நனைந்த ரப்பரின் வாசனை எங்கே அடித்தாலும் இன்றைக்கும் எனக்குக் கெண்டைக்கால் வலிக்கும்.

எங்களில் நன்றாக ஓடுகிறவர் எஸ்தர் அக்கா. வயது முப்பத்தைந்து இருக்கும். ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டுகிற ஒப்பந்த வேலை. பதினோரு மாதம் முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஒரு மாதம் சும்மா உட்காரவைத்து, மறுபடி புது ஆளாகச் சேர்ப்பார்கள். ஆறு வருஷம் அந்த அக்கா அங்கே புது ஆள். வீட்டுக்காரர் இல்லை; இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் அவர் அழுது சொன்னதில்லை. “எங்க கம்பெனியில எனக்கு வயசே ஆவறதில்லடா, வருசா வருசம் புதுசா பொறக்கறேன்” என்பார்.

அந்த வருஷ ஐப்பசியில்தான் கீழ்க்கட்டளைப் பக்கத்திலிருந்து ஷூ கிளப் வந்தது. இதுவும் நாங்கள் வைத்த பெயர். காரில் வந்து இறங்குவார்கள். கையில் தூரம் காட்டுகிற கடிகாரம். அவர்களில் ஒருவர் எஸ்தர் அக்காவின் கம்பெனியில் மேனேஜர். இரண்டு கிளப்பும் சேர்ந்து மழை ஓட்டம் நடத்தலாம், இருபத்தொரு கிலோமீட்டர், ஆண்களில் முதலாவதும் பெண்களில் முதலாவதும் வருகிறவர்களைக் கம்பெனி அணியில் சேர்க்கிறோம் என்றார்கள். அணியில் சேர்ந்தால் வேலை நிரந்தரம். மேனேஜர் இதை மைக்கில் சொன்னார். எஸ்தர் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் டிரம்மும் டியூப் வளையமும் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “ஸோ க்யூட், பாய்” என்று படம் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டத்தன்று காலையில் மைக்கில் மூன்று தடவை சொன்னார்கள்: “டிரம்மைத் தொடணும். வளையம் இல்லாம வந்தா ரிசல்ட் கிடையாது.” மூன்று தடவை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சூர் தாண்டி மணிமங்கலம் போகிற பக்கம் அப்போது பாதி வயல், பாதி கல் நட்ட பிளாட். சாலையை ஒட்டியே வாய்க்கால். மழை முகத்தில் ஊசியாகக் குத்தியது. என் கேன்வாஸ் ஷூ தண்ணீர் குடித்துத் தவளை மாதிரி கத்திக்கொண்டு வந்தது. பெண்களில் எஸ்தர் அக்கா நன்றாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த பெண் கண்ணுக்கே தெரியவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்கா கூடவே போனேன்.

திரும்ப வேண்டிய இடத்தில் தண்ணீர் வாய்க்காலை மீறிச் சாலைமேல் ஓடியது. டிரம் இல்லை. ஷூ கிளப் ஆட்கள் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைத் துடைத்துப் பார்த்து, “பத்தரை கிலோமீட்டர் ஆயிடுச்சு, அவ்ளோதான், திரும்புங்க” என்றார். திரும்பிவிட்டார்கள்.

“டிரம்மத் தொடாம எப்டிடா திரும்பறது?” என்றார் அக்கா.

“அக்கா, வாட்ச்சுல பத்தரை காட்டுது.”

“வாட்ச்சா ஓடிச்சு? நான் ஓடியாந்தேன். வளையம் இல்லன்னா கெடையாதுன்னு மைக்ல சொன்னாங்களா இல்லியா? அதுக்கு இன்னா காலா கீது, இங்கதான் எங்கனா கெடக்கும். வாடா.”

அவர் வாய்க்கால் ஓரமாகவே தண்ணீர் போகிற பக்கமாக ஓடினார். நான் திரும்பினேன். கால் வலித்தது, குளிர் அடித்தது, எல்லாரும் திரும்பினார்கள். காரணம் இவ்வளவுதான். இதற்குமேல் தேடினாலும் என்னிடம் கிடைக்காது.

முடிவிடத்தில் எனக்கும் ஒரு பதக்கம் மாட்டினார்கள். யார் கையிலும் வளையம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. நசீர் பாய் மட்டும் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கையையும் பார்த்தார். அடுத்த கைக்குப் போனார். ஷூ கிளப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணை முதலாவது என்று மேடையில் ஏற்றினார்கள். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. திரும்பு என்றார்கள், திரும்பினாள்.

காற்றடைத்து நிறுத்தியிருந்த வரவேற்பு வளைவிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டு, அதைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்கா வந்தார். கால் முழுக்கச் சேறு, முட்டியில் ரத்தம். கையைத் தூக்கிக்கொண்டே வந்தார். மணிக்கட்டில் கறுப்பு வளையம்.

“ஒண்ணரக் கிலோமீட்டரு தள்ளி மதகுல மாட்டிக்கினு கீது பாய் உன் டிரம்மு. மூடி இறுக்கமா மூடிக் கெடக்கு. உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.”

அப்போதுதான் ஷூ கிளப்புக்குப் படம் எடுக்கிற தம்பி வாயைத் திறந்தான். டிரம்மில் அவர்கள் சுற்றிய கம்பெனி விளம்பரத் துணி படத்தில் நேராக விழவில்லையாம். திருப்ப முடியாமல் கனத்ததாம். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத் திருப்பினார்களாம். “மழைதானே, தானா ரொம்பிடும்னு விட்டுட்டோம்.” மழை உள்ளே போகாதபடி மூடியையும் மூடிவிட்டு! வெள்ளத்தில் காலி டிரம் மிதக்கும் என்று தெரிய எத்தனையாவது படிக்க வேண்டும்? நான் ஒன்பதாவதுதான், எனக்குத் தெரியும்.

மேனேஜர் தாளைப் பார்த்தபடி சொன்னார்: “ஸாரிங்க. டைம் தாண்டிடுச்சு. ரூட்டும் மாறிட்டீங்க. ‘முடிக்கவில்லை’ன்னு போட்டாச்சு.”

“ரூட்டு மாறல சார். டிரம்மு மாறிச்சு.”

“இன்னைக்கு சிச்சுவேஷன் அப்படி. வளையம் ரூலை எடுத்துட்டோம்.”

“எப்ப எடுத்தீங்க? யாரு வந்து சொன்னா? மொத்தக் கூட்டத்துலயும் வளையம் என் கையிலதான் கீது. இருபத்தொண்ணு ஓடச் சொன்னீங்க. நான் இருபத்துநாலு ஓடிக்கினு வந்து நிக்கறேன். நான் முடிக்கலியா சார்?”

“ஆர்க்யூ பண்ணாதீங்கம்மா. நாளைக்கு ஷிஃப்ட்டுக்கு வரணும்ல?”

அந்தக் கடைசி வாக்கியம்தான் எங்கள் ஆட்களைக் கிளப்பிவிட்டது. நசீர் பாய் கத்தினார்: “டிரம்ம கவுத்தவன் பாஸு, தேடிக்கினு போனவ ஃபெயிலா? இன்னாய்யா நாயம் இது!” ஆட்டோக்காரர் கத்தினார். நான் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பெரிய தியாகி மாதிரி அதைக் கழற்றி அக்காவிடம் நீட்டினேன்.

“நீயே வெச்சிக்கோடா” என்றார். “பாதி தூரத்துல திரும்பறதுக்கும் பதக்கம் வேணுமில்ல.”

மறுநாள் ஷிஃப்ட்டுக்குப் போனார். அந்தப் பதினோரு மாதம் முடிந்ததும் நிறுத்தினார்கள். திரும்பக் கூப்பிடவில்லை. வேறு எங்கோ பெட்டி ஒட்டப் போய்விட்டார். கடைசியாகத் தாம்பரம் ஸ்டேஷன் படியில் பார்த்தேன். டிபன் பாக்ஸ் மூடி கழன்றுவிடாமல் இருக்க ஒரு கறுப்பு வளையம் போட்டிருந்தார். “நல்ல ரப்பருடா, விட மாட்டேங்குது” என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிக்க வரவில்லை. நசீர் பாய் கடையும் போயிற்று. அந்த இடத்தில் இப்போது ஒரு நகைக்கடைக்கு வண்டி நிறுத்துமிடம். பதக்கத்தை, பிறகு வேலைக்கென்று போன நாக்பூரில் ஒரு லாட்ஜில் தொலைத்தேன். தேடவில்லை.

நேற்று டிரம்மைப் பிடித்து ஓரம் கட்டிவிட்டு, மழையிலேயே பஸ் ஏறி மணிமங்கலம் பக்கம் போனேன். மதகு இருந்த இடத்தில் நீளமான மதில். உள்ளே வில்லாக்கள், சிவப்பு நிறத்தில் ஓடுதளம், நூறு மீட்டருக்கு ஒரு எண். வாசலில் நின்ற காவலாளியிடம், “இங்க ஒரு வாய்க்கால் இருந்துச்சே?” என்று கேட்டேன்.

“வாய்க்காலா? அப்படி எதுவும் இங்க இருந்ததே இல்லீங்க” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் அப்படிச் சொல்லியிருப்பார்கள். அவர் காலடியில் தண்ணீர் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு எஸ்தர் அக்கா முடிக்கவில்லை என்று எழுதினார்கள். முடித்தார் என்று சொல்ல அந்த மதகாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.