குலுக்கி ஊற்றவும்

காருக்குக் கூலன்ட் வாங்கக் கடைக்குப் போனால், "சார், பச்சையா, ரோஸா?" என்று கேட்கிறார்கள். நிறத்தை நம்பாதே, வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும், இரண்டையும் கலந்தால் ரேடியேட்டருக்குள் கூழ் காய்ச்சின மாதிரி ஆகிவிடும் என்று கைப்பேசி வீடியோவில் ஒருவர் தினமும் கத்துகிறார். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், பச்சை டப்பாவைப் பார்த்தால் இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவேன். போன மாதம் மூலக்குளம் சிக்னலில் என் காரின் சூட்டு முள் சிவப்புக்கு ஏறியபோது, ஐம்பது வயது ஆசாமி, நான்கு பேருக்கு மேலதிகாரி, கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடியே விட்டேன். வண்டிக்குள் மனைவி இருக்கிறாள் என்பது எதிர்ப்பக்கப் பெட்டிக்கடைக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. அவள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நான் இதற்கு முன்பும் ஒரு தடவை இப்படி ஓடியவன் என்பது அவளுக்குத் தெரியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. உழவர்கரையில் எங்கள் அப்பா கட்டிய வீட்டின் பின்கட்டில் சித்தப்பாவும் சித்தியும் வாடகை இல்லாமல் இருந்தார்கள். டவுனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் வீட்டுத் தோட்டத்தில், மேல்கூரை இல்லாத பழைய கார் ஒன்று கோழி அடைக்கக் கிடந்தது. சித்தப்பா அதை வாங்கி ஒரு வருஷம் தட்டிக் கொட்டி ஓட வைத்திருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு விடுவது என்று திட்டம். சாரம் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜர், "தை மொத முகூர்த்தத்துக்குக் கொண்டா. ஒழுங்கா ஓடிச்சுன்னா இந்த சீசன் பூரா மாப்ளைங்க உன் வண்டியிலதான்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். சித்தப்பா அந்த வாக்கை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் வேலையை விட்டுவிட்டார்.

ஊர்வலக் காருக்கு ஒரு வியாதி உண்டு. பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தால் ரேடியேட்டருக்குக் காற்றே படாது. வெறும் தண்ணீர் கொதித்துவிடும். மூலக்குளத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர், சித்தப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான், "வெறுந்தண்ணிய நம்பாதப்பா, இதக் கலந்து ஊத்து" என்று பச்சை கூலன்ட் ஒரு டப்பா கொடுத்தார். நாங்கள் யாரும் அப்படி ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. சித்தப்பா அதைக் கார் கொட்டகை அலமாரியில் வைத்து, "இது விஷம். எவனாவது தொட்டீங்க, தோல உரிச்சிருவேன்" என்றார்.

எவனாவது என்று வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான். தனிப்பட்ட அழைப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

மூடியைத் திருகி மோந்து பார்த்தேன். இன்னொரு தரம் மோந்து பார்ப்பதற்குள் டப்பா கைநழுவி, தரையெல்லாம் பச்சை. முதலில் ரயிலேறி மெட்ராஸுக்கு ஓடிவிடலாம் என்று முடிவு செய்தேன். சாயங்காலம் அம்மா போண்டா போடுவதாகச் சொன்னது ஞாபகம் வந்ததால் அதை ரத்து செய்தேன். சிந்தியதை மண் போட்டு மூடினேன். பொங்கலுக்கு வாசலில் சித்தி போட்ட கிளிக் கோலத்தில் மீந்த பச்சைப் பொடி பின்கட்டில் ஒரு பொட்டலம் இருந்தது. எடுத்து வந்து தண்ணீரில் கலக்கி டப்பாவில் ஊற்றினேன். அச்சு அசல் அதே பச்சை. ஒரே ஒரு குறை, கோலப்பொடி கரையாது. சாயம் போட்ட மணல்தானே. கொஞ்ச நேரத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் டப்பாவைக் குலுக்கிவிட்டு வந்தேன்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சித்தப்பா டப்பாவைத் திறந்தார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"குலுக்கி ஊத்துங்க சித்தப்பா."

"பாத்தியா, எம்புள்ள அறிவ!" என்று சித்தியிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். அந்த அறிவுக்குப் பரிசாக முன்சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டார்.

பிள்ளையார் கோயிலில் இருந்து மண்டபம் வரை ஊர்வலம். பின்னால் சந்தன நிறக் கோட்டு சூட்டில் மாப்பிள்ளை. பாதி வழியில் முள் ஏறத் தொடங்கியது. சித்தப்பா முள்ளைப் பார்த்தார், நான் சித்தப்பாவைப் பார்த்தேன். பானட்டுக்குள்ளிருந்து ஆவி புறப்பட்டதும், "சித்தப்பா, ஒண்ணுக்கு வருது" என்று குதித்து ஓடி, பெரிய டிரம் அடிக்கிறவருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். "மூடியத் தொடாதீங்க, ஆறட்டும்!" என்று சித்தப்பா கத்தக் கத்த, அவசரக்காரர் ஒருவர் துண்டைப் போட்டு மூடியைத் திருகிவிட்டார். பச்சைத் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியது. நல்லவேளை, யார் உடம்பும் வேகவில்லை. ஆனால் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்க்க எழுந்து நின்ற மாப்பிள்ளையின் கோட்டெல்லாம் பச்சைப் பச்சையாக அம்மை போட்டிருந்தது.

மாப்பிள்ளை ஒரு ஸ்கூட்டரின் பின்சீட்டில் மண்டபம் போய்ச் சேர்ந்தார். மேனேஜர் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "இனிமே இந்தப் பக்கம் வண்டியக் கொண்டாராத."

மறுநாள் காலை சித்தப்பா வீட்டு வாசலில் ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். பச்சைச் சேறு வழிந்தது. "கூலன்ட்டுன்னு மண்ணக் கரைச்சு வித்திருக்கான்!" என்றார். அவர் சொன்னதில் ஆளைத் தவிர எல்லாமே சரி. தண்ணீர்க் குடத்தோடு வந்த சித்தி நின்றாள். குனிந்து அந்தச் சேற்றை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு, நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் அப்பாவைப் பார்த்தாள். "கொஞ்சம் பொறுங்க, விசாரிச்சுட்டுப் போங்களேன்" என்று மட்டும் சித்தப்பாவிடம் சொன்னாள். அதற்குள் அவர் சைக்கிளை எடுத்துவிட்டார். பின்னால் நான்.

கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். சித்தப்பா காலி டப்பாவை மேஜையில் அடித்தார். "சிநேகிதன்னு நம்பி வந்தேன்டா. எம்பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

மாமா டப்பாவைக் கவிழ்த்து, அடியில் இருந்ததை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். "இது நான் குடுத்த சரக்கு இல்லப்பா." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, வீட்ல யாராவது டப்பாவத் தொறந்தாங்களா?"

"இல்ல மாமா."

"கேட்டியா? கொழந்த பொய் சொல்லுமா?" என்றார் சித்தப்பா. அதோடு அந்த ஒரே பெஞ்சு சிநேகிதம் முடிந்தது. காரும் விலைக்குப் போனது. சித்தப்பா திரும்பவும் இன்னொருவர் வண்டிக்கு டிரைவர் ஆனார்.

அடுத்த பொங்கலுக்குச் சித்தி கோலம் போட்டபோது கிளியெல்லாம் நீலமாக இருந்தது. நான் கேலி செய்தேன். அவள் ஒரு தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் போட்டு, சித்தப்பாவுக்குத் தெரியாமல் என் கையில் கொடுத்தாள். "மூலக்குளத்து மாமாவுக்கு. நீதான் போவணும். நீயே அவரு கையில குடுக்கணும்."

வழியில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் போய்க் கொடுத்தேன். மாமா தூக்கைத் திறந்து பார்த்தார். "என்ன சொல்லச் சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல மாமா."

"நீ ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஆமா மாமா. சீக்கிரம் குடுங்க, பசங்க வெளாடக் காத்திட்டிருக்கானுங்க."

சிரித்துவிட்டு உள்ளே போய்த் தூக்கைக் கழுவி, அதில் இரண்டு கை சர்க்கரை போட்டுக் கொடுத்தார். "வெறும் பாத்திரம் குடுத்தனுப்பினா இன்னும் சண்டைன்னு ஆயிடும். சித்தி கையில பத்திரமாக் குடு."

சர்க்கரை வீடு வரை தாங்கவில்லை. சித்தி தூக்கை வாங்கி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"ஒண்ணும் போட்டுக் குடுக்கலயா?"

"இல்ல சித்தி."

அடுத்த வருஷமும் அனுப்பினாள். அதற்கடுத்த வருஷமும். அந்தச் சர்க்கரையும் வழியிலேயே தீர்ந்தது. ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்த்தாள். நான்காவது பொங்கலுக்கு அனுப்பவில்லை. மூன்று தூக்குப் பொங்கல் கொடுத்தும் ஒரு கை சர்க்கரை திரும்பி வரவில்லையே என்று சித்திக்கு வருத்தம் போலிருக்கிறது, இவ்வளவு அற்பமாகவா இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.