பச்சை வாடை

அந்த சென்ட் கம்பெனியில் அவளுக்கு 'மூக்கு' என்று பெயர். "மூக்கைக் கூப்பிடு" என்றால் கலவை அறையிலிருந்து வெள்ளைக் கோட்டோடு அவள்தான் வருவாள். யார் யாரோ எழுதிய ஃபார்முலாவைப் பத்தொன்பது வருடம் சொட்டுச் சொட்டாக நிறுத்து ஊற்றியவள். பிள்ளை அவர்களுடையது, பிரசவம் பார்ப்பது மட்டும் இவள். இந்த வருடம்தான் முதலாளியம்மா, "நீங்களே ஒண்ணு பண்ணுங்களேன்" என்றார்.

எட்டு மாதம் மெனக்கெட்டாள். இளந்தண்டைப் பட்டென்று ஒடித்ததும் ஒரு வாசம் வருமே, அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஈரமாக இருக்கும், லேசாகக் கசக்கும், மூக்கில் சுருக்கென்று ஏறும். நல்ல வாசம்தான், ஆனால் ஓடுகாலி. அரை மணி நேரத்தில் ஆளைக் காணோம். அதைப் பிடித்து நாலு மணி நேரம் தோலில் உட்கார வைத்தாளே, அது லேசுப்பட்ட வேலை இல்லை.

விற்பனை மேனேஜர் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னக்கா, பச்சை வாடை அடிக்குது? இன்னும் கொஞ்சம் வதக்கியிருக்கலாமே!"

அறையே சிரித்தது. சிரிக்க மாட்டார்களா? அடுப்படியில் ஊர் உலகமே பச்சை வாடை போகட்டும் என்று கிண்டிக்கொண்டிருக்கிறது. இவள் ஒருத்தி அது போய்விடாமல் எட்டு மாதம் காவல் இருந்திருக்கிறாள்.

"அது போயிடக் கூடாதுன்னுதான் தம்பி இவ்வளவு பாடும்," என்றாள்.

"சரி, இது ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?"

"மனுஷங்களுக்கு."

"அப்படிச் சொன்னா எப்படிக்கா விக்கிறது? ஒரு பாட்டில்ல கொஞ்சம் மரக்கட்டை வாசம் சேருங்க, ஆம்பளைக்கு. இன்னொண்ணுல பூ வாசம், பொம்பளைக்கு. நாளைக்கு மேடம்கிட்ட ரெண்டையும் காட்டிருவோம்."

கட்டையோ பூவோ, எது சேர்ந்தாலும் அந்த இளந்தண்டு செத்துப்போகும். இத்தனை வருடத்தில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருப்பது இது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் மேனேஜர் மணிக்கட்டில் ஒரு சொட்டு, முதலாளியம்மா மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவிவிட்டாள். "மதியம் சொல்லுங்க" என்றதோடு சரி.

சாப்பிட்டு வந்த மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

"நான் சொன்னேன்ல? எனக்குப் போட்டது அசல் ஆம்பளை வாசம்க்கா. இப்பத்தான் ஷேவ் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கு. கட்டை அளவா சேர்ந்திருக்கு."

முதலாளியம்மாவோ மணிக்கட்டை மூக்கிலிருந்து எடுப்பதாகவே இல்லை. "எனக்குப் போட்டதுல பூ இருக்கிறதே தெரியலை. அவ்வளவு நாசூக்கு. இந்த பாட்டிலை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"கட்டையும் போடலை, பூவும் போடலை மேடம்," என்றாள் அவள். "ரெண்டு பேருக்கும் நேத்து காட்டின அதே பாட்டில்தான்."

மேனேஜர் தன் மணிக்கட்டை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார். முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "ஒரு சொட்டுகூட மாத்தாதீங்க" என்று ஃபார்முலா தாளில் கையெழுத்துப் போட்டார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அடக்கம், கிடக்கம் என்றெல்லாம் அவள் மழுப்பவும் இல்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறாள், அது அவளுக்கே தெரியும்.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரிக்கா. கடையில ஆம்பளை அலமாரி ஒரு பக்கம், பொம்பளை அலமாரி ஒரு பக்கம். இதை எங்க வைக்கச் சொல்றது?"

"நடுவுல வைக்கச் சொல்லுங்க தம்பி. யாருக்கு வேணுமோ அவங்க கை நீட்டட்டும்."