தம்பிக்கு மட்டும் இறங்கின பெட்ரோல் விலை

இன்னிக்குக் காலையில நானும் தம்பியும் பிரிஞ்சாங் டவுன்ல மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் அடிக்க நின்னோம்.

ரெண்டு பேரும் ஒரே எஸ்டேட் லயத்துல பிறந்தவங்கதான். அப்பா என் பிறப்பை லேட்டா பதிஞ்சதால எனக்கு இன்னும் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அடையாள அட்டை. அவன் நீல ஐசி, மலேசியக் குடிமகன். அரசாங்கம் குடுக்கிற பெட்ரோல் சலுகை விலை குடிமக்களுக்கு மட்டும்தான்.

நான் முழு விலை கட்டுறதைப் பார்த்துட்டுத் தம்பி சொன்னான், "பெட்ரோல் விலை உலகச் சந்தை சமாச்சாரம்லா, அண்ணே. மந்திரிங்க என்ன பண்ண முடியும்?"

"உனக்கு மட்டும் குறைச்சிருக்காங்களேடா."

பையில இருந்து தன் ஐசியை எடுத்தான். அப்புறம் மெதுவா, "அடுத்த தடவை என் ஐசில அடிச்சுக்கிறியா?"ன்னான்.

ரோஷத்துல வேணாம்னுட்டேன். வீடு வர்ற வரைக்கும் வயிறு எரிஞ்சுது.

சிவப்பு ஐசிக்காரங்களே, உங்க வீட்ல யாரைப் பார்த்து எரியுது?