நிறுத்தும் கம்பியைக் கட்டி வைத்தவன் நான்

சகோதரர்களே, அல்லாஹ் என் துஆவை ஏற்றுக்கொண்டான். ஆனால் அந்த துஆவைக் கேட்கும் நிலையை உண்டாக்கியவனும் நான்தான். அதை மறைத்தால் நான் சொல்வது அரைவாசிப் பொய்.

கல்முனைக்குடியில் மரம் வெட்டிக் கொடுப்பது என் தொழில். கிளைகளை இழுத்துத் தூளாக்கும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் வாயருகே ஒரு கம்பி உண்டு. தட்டினால் இழுப்பது நின்றுவிடும். கிளை பட்டாலும் நிற்கும். அந்த எரிச்சலில் கம்பியை அசையாமல் கட்டிவிட்டேன். தங்கச்சியின் மாப்பிள்ளை நௌசாத் என்னிடம்தான் வேலை. அவிழ்க்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், முதலாளி சொன்னால் சரிதான் என்று கேலி செய்துவிட்டு விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமைகளில் உடுப்பு மாற்றப் போனால் நேரம் வீண். ஜும்ஆத் தொழுகைக்கு உடுக்கும் சாரனோடே வேலைக்கு வரச் சொன்னேன். பாங்கு சொல்லும் வரை வேலை, அப்படியே பள்ளி. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

போன ரமழானுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, அக்கரைப்பற்றில் ஒரு வேப்பமரம். நௌசாத் கடைசிக் கிளையைத் தள்ளும்போது ஒரு கொப்பு சாரனில் கொழுவியது. மெஷின் அவனையும் சேர்த்து இழுத்தது. கம்பியைத் தட்டினான். அது அசையவில்லை.

"மச்சான், நிப்பாட்டுங்க" என்றான்.

எஞ்சின் பக்கம் ஓடினேன். பத்தடிதான்.

"யா அல்லாஹ், நான் செஞ்ச பிழைக்கு அவனப் பிடிக்காத" என்று அழுதேன்.

நான் எஞ்சினைத் தொடுவதற்குள் சாரன் இடுப்பிலிருந்து அவிழ்ந்து உள்ளே போனது. அவன் வெளியே விழுந்தான். உயிர் இருந்தது. மெஷின் வாயில் ஊன்றிய வலது கையில் சுட்டுவிரல் பாதியோடு போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் தங்கச்சி, ஆளைத் திருப்பித் தந்தானே, அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதாள். நௌசாத் கம்பியைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானே அவளிடம் சொன்னேன். பெருநாள் வரை அவள் என்னோடு கதைக்கவில்லை.

இப்போது கம்பி கட்டப்படுவதில்லை. சாரனோடு யாரும் மெஷினுக்குக் கிட்டப் போவதில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே வேலை முடிந்துவிடும். அல்லாஹ்விடம் கையேந்துங்கள், பத்தடி ஓட்டத்தில் கேட்டாலும் கேட்பான். ஆனால் என்னைப் போல் கம்பியைக் கட்டிவிட்டு ஏந்தாதீர்கள்.

நௌசாத் இன்றும் என் பக்கத்தில் நின்றுதான் தொழுகிறான். அத்தஹிய்யாத் இருப்பில், அல்லாஹ் ஒருவனே என்று எல்லாரும் சுட்டுவிரலை நீட்டும்போது, அவன் மிச்சமிருக்கும் பாதி விரலை நீட்டுகிறான்.