அக்காவின் வண்டிக்கு நான் வைத்த பொட்டு

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். என் அக்காவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவளுடைய வண்டியைப் பார்த்தால் அதைவிட அதிகமாக எரியும்.

வண்டி என்றால் சாதாரணக் கார் இல்லை. முன்னால் ஒரு முரட்டு டீசல் பிக்கப். உள்ளே ஐந்து பேர் உட்காரலாம், முதுகில் திறந்த தொட்டி. அதற்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக, சக்கரம் வைத்த ஒரு வெள்ளை வீடு. கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கக்கூஸ் உட்பட எல்லாம் அதற்குள்ளே இருக்கிறது. கேரவன் என்கிறார்கள். அக்காவின் கணவருக்குக் கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. வெளிநாட்டில் இருந்த நாளில் யாரோ இப்படிக் குடும்பத்தோடு ஊர் சுற்றியதைப் பார்த்து மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. நாச்சாரத்தில் ஒரு பட்டறையில் சொல்லி அந்த வீட்டைச் செய்து வாங்கினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து போன ஒரே நெடும் பயணம் காட்பாடிக்கு, அதுவும் ஒரு சாவுக்கு. அவளுக்கோ நினைத்த இடத்தில் நிறுத்திக் காப்பி போட்டுக் குடிக்க ஒரு வீடு.

இருந்துவிட்டுப் போகட்டும், அவள் தலையெழுத்து நல்ல தலையெழுத்து என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த வண்டி ஜோடி நின்றது என் வாசலில். அக்காவின் அடுக்குமாடியில் அவ்வளவு நீளத்துக்கு இடம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். லோத்குண்டாவில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பக்கவாட்டில் காலி மண் கொஞ்சம் உண்டு. நான் துணி காயப்போடுவது அங்கேதான். "உங்க வீட்ல எடம் சும்மாதானடி கெடக்கு" என்றாள் அக்கா. சும்மாவா கிடந்தது? என் கொடி அங்கே இருந்தது. வெள்ளை வீடு வந்து நின்ற நாளிலிருந்து மதியம் வரை என் புடவைக்கு வெயில் கிடையாது.

அதையாவது பொறுக்கலாம். என் வீட்டுக்காரரை என்ன சொல்ல? அவர் நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் லாரிகளைப் பார்த்துக்கொள்ளும் டீசல் மெக்கானிக். என் அப்பாவைப் போலவே அவருடைய அப்பாவும் ரயில்வே பட்டறைக்காரர், ஒரே காலனி. ஆறு நாள் அங்கே கிரீஸில் முழுகிவிட்டு வருகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்தப் பிக்கப்பிடம் போய்விடுவார். பேட்டரி இறங்கக்கூடாதென்று இன்ஜினை ஓடவிடுவார். டீசல் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவார். இழுவைக் கொக்கியின் உருண்டையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் புதுக் கிரீஸ் தடவுவார். சக்கர நட்டு ஒவ்வொன்றையும் முறுக்கிப் பார்ப்பார். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தால், இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பேரிங் சூடேறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதுதான் அவருடைய வழி. எனக்குப் போன வருஷம் டெங்கு வந்து கிடந்தபோது என் நெற்றியில் அவர் அப்படிக் கை வைத்துப் பார்க்கவில்லை. நர்ஸ் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

"நம்ம ஸ்கூட்டர் ஸ்டாண்டு மூணு மாசமா தொங்குது. அதப் பாக்க ஆள் இல்ல" என்றேன் ஒருநாள்.

"ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்" என்றார், வண்டிக்கு அடியிலிருந்து.

"எங்க வளந்துது? இன்னும் தொங்கிட்டேதான் இருக்கு."

அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. வண்டிக்கு அடியில் படுத்திருந்தால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சாவி அவரிடம் இருந்தது. ஆனால் தெருமுனை வரைக்கும்தான் ஓட்டுவார். ஊருக்குப் போகும்போது ஓட்டுவது மாமா. அதில் இவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. இவருக்கும் சேர்த்து நான் வருத்தப்பட்டேன்.

ஒரு ஞாயிறு டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, பிக்கப்பின் பின்பக்கம் மூடி போட்ட ஒரு சின்ன வட்டத்தைத் திறந்து காட்டினார். உள்ளே ஏழு ஓட்டை. பின்னால் வரும் வீட்டிலிருந்து ஒரு தடித்த ஒயர் வந்து இதில் செருகிக்கொள்ளுமாம். முன்னால் பிரேக்கை மிதித்தால் இதன் வழியாகத்தான் பின்னால் இருக்கும் சக்கரங்களும் பிரேக் பிடிக்குமாம். "மொத்த வண்டிக்கும் உயிர்நாடி இதுதான். இது செத்துதுன்னா, பின்னாடி வர்ற வீடு முன்னாடி இருக்கறவன் முதுகுல ஏறிடும்" என்றார். ரெண்டு டன் வீடு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூடியை அவர் சாத்திய பதவிசைப் பார்த்து எரிச்சலும் வந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அக்கா போன் செய்தாள். விஜயதசமி அன்று நால்வருமாக விகாராபாத் மலைப் பக்கம் போகலாம் என்றாள். நான்கு பேர்! எங்களையும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா, இத்தனை நாள் கழித்தா என்று கோபப்படுவதா என்று தீர்மானிப்பதற்குள், "வண்டிக்குப் பூஜ மட்டும் நீ போட்டுடுடி. எங்களால வர முடியாது" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை இவர் தொழிற்சாலைப் பூஜைக்குப் போய்விட்டார். நான் தனியாக இருந்தேன். சந்தனம் கரைத்தேன், குங்குமம் எடுத்தேன். முதலில் எரிச்சலோடுதான் ஆரம்பித்தேன், நான் என்ன அவள் வீட்டுப் பூசாரியா என்று. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைக்கும்போது மனசு மாறியது. என் வீட்டு மண்ணில் நிற்கிறது, என் புருஷன் கையால் உயிரோடிருக்கிறது, என் கையால் பொட்டு வாங்குகிறது. ஆர்.சி. புத்தகம் யார் பேரில் என்று சாமி கேட்கப் போகிறதா? கண்ணாடி, பானெட், எட்டுச் சக்கரம், கொக்கி, சங்கிலி என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் அந்த மூடி கண்ணில் பட்டது. உயிர்நாடிக்கு இல்லாத பொட்டா? திறந்து, ஏழு ஓட்டைக்கும் நடுவே மோதிர விரலால் நன்றாகக் குழைத்து அழுத்தி வைத்தேன். சந்தனம் வழிந்து உள்ளே இறங்கியது. அதன் மேல் குங்குமம். அக்கா வைத்திருந்தால் இவ்வளவு சிரத்தையாக வைத்திருப்பாளா என்று நினைத்துக்கொண்டு மூடியைச் சாத்தினேன்.

மறுநாள் காலை அவர்கள் வந்து இறங்கும்போதே மாமா அவசரத்தில் இருந்தார். அவர் கோயம்புத்தூர்க்காரர், நேரம் காலம் ரொம்பப் பார்ப்பார். "ராகு காலம் வர்றக்குள்ள கெளம்பிரோணுங் சகல" என்றார். இவர் வீட்டைக் கொக்கியில் மாட்டினார், சங்கிலி போட்டார். குனிந்தபடி ஒரு கையால் மூடியைத் தூக்கிக் கைப்பழக்கத்திலேயே ஒயரைச் செருகினார். பிறகு மாமாவை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு என்னைப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்.

"செவப்பு எரியுதா?"

"எரியுது."

"எடது?"

"எரியுது."

மூடிக்குள் சந்தனத்தின் ஈரம் காயாததாலோ என்னவோ, எல்லாம் எரிந்தது. கிளம்பிவிட்டோம்.

முன்னால் மாமாவும் இவரும், பின்னால் அக்காவும் நானும். உயரமான சீட்டிலிருந்து பார்த்தால் மற்றக் கார்களின் தலை மட்டும் தெரிந்தது. ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நிஜ ராணி உட்கார்ந்திருந்ததால் அதுவும் ருசிக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். ஓர் இறக்கத்தில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. மாமா பிரேக்கை மிதித்தார். முதுகில் யாரோ முட்டித் தள்ளியது போல வண்டி நிற்காமல் முன்னால் போயிற்று. வெள்ளை வீடு பக்கவாட்டில் திரும்புவதைக் கண்ணாடியில் பார்த்தேன். "எடது, எடது! மண்ணுல எறக்குங்க!" என்று இவர் கத்தினார். மாமா ஒடித்தார். சாலையோர மண்ணில் இறங்கி, ஒரு வேப்பமரத்துக்கு நாலு அடி முன்னால் நின்றோம். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய வளையல் அழுத்திய தடம் என் மணிக்கட்டில் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இவர் இறங்கி நேராகப் பின்னால் போனார். நானும் போனேன். ஒயரை உருவினார். அதன் நுனியில் இருந்த ஏழு பித்தளைப் பின்னிலும் மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து ஓடாகிப்போன சந்தனம், குங்குமம். அவர் அதைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"ஊக்கு இருக்கா?" என்றார்.

தாலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு பின்னாக, ஒவ்வொரு ஓட்டையாகச் சுரண்டி, ஊதி, துணியால் துடைத்தார். மாமா வருவதற்குள் சிவப்பு என்று ஒன்று அங்கே இல்லை.

"என்னங் சகல? என்ன ஆச்சு?"

"கனெக்‌ஷன்ல அழுக்கு. காலைல நான் சரியா பாக்கல. என் தப்புதான்."

மாமாவின் பயம் முழுக்கக் கோபமாக மாறியது. "நாலு உசுருங் சகல! உங்கள நம்பித்தான விட்டிருக்கறன்? போதுங். இனி கம்பெனி சர்வீஸ்லயே விட்டுக்கறன். நிறுத்தறக்கும் வேற எடம் பாத்துக்கறன்."

உள்ளதைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு முதலில் தெரிந்தது என் துணிக்கொடி. அதன் மேல் வெயில். ஸ்கூட்டருக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் என் புருஷன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னுடையது. நான் எத்தனை மாதமாக வேண்டிக்கொண்டது எதுவோ அதை மாமாவே எடுத்துத் தட்டில் வைத்து நீட்டுகிறார். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

இவரைப் பார்த்தேன். துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. திரும்பத் திரும்ப அதையே துடைத்தார். இருபத்தேழு வருஷ வேலையில் வேலையைப் பார்க்காமல் விட்டாய் என்று அவரை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"மாமா, அது அழுக்கு இல்ல" என்றேன். "குங்குமம். நான்தான் உள்ள வச்சேன். அவருக்குத் தெரியாது."

"சாக்கெட்டுக்குள்ளயா?" என்று என்னைப் பார்த்தார் மாமா. பிறகு அக்காவைப் பார்த்துத் திரும்பினார். "இவளப் பூஜ போடச் சொன்னது யாரு? நீதான? ஒரு வேல, ஒழுங்கா நீ வந்து செஞ்சிருக்கலாமில்ல?" அங்கேயே, சாலையோரத்தில், எங்கள் முன்னால் ஐந்து நிமிஷம் அக்காவைப் பிடித்துக்கொண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கோபம் இறங்கியபின் மாமா நல்லவர்தான். சாவியை இவரிடம் நீட்டி, "மிச்சத்த நீங்களே ஓட்டுங் சகல, எனக்குக் காலு நடுங்குது" என்றார். வேறு இடம் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

மலையில் அந்த வெள்ளை வீட்டுக்குள் நானும் அக்காவும் பாத்திரம் கழுவினோம். இரண்டு பேர் நின்றால் இடுப்பு இடிக்கும் இடம். அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"உன் வீட்டுக்காரரு பாத்ததும் தெரிஞ்சுகிட்டாருல்ல, நீதான்னு?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் தொடச்சிட்டாரு." ஒரு டம்ளரை ரொம்ப நேரம் கழுவினாள். "எங்க வீட்ல இந்த டம்ளர் ஒடஞ்சா, யாரு ஒடச்சான்னு தெரியாம அன்னிக்கி சோறு எறங்காதுடி. உனக்கென்ன."

உனக்கென்ன! அக்கா என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. நான் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், பிறகு. முதலில் எனக்கு இனித்தது. அந்த இனிப்புக்காக இன்றைக்கும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன், கொஞ்சம்தான்.

சாயங்காலம் இவர் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். ஊக்கைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"பேசாம இருந்திருந்தா வண்டி போயிருக்கும்" என்றார். "உனக்கு அதானே வேணும்?"

"ஹவ், ஆமா. அதான் வேணும்."

"பின்ன கைக்கு? ஏன் சொன்ன?"

"உங்க கைய இன்னொருத்தர் கொற சொல்லக்கூடாது" என்றேன். "அது என் வேல."